மாணவரும் உறக்கமும்

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பது நம் முன்னோர் மொழி. பாயும் தலையணையும் இல்லாவிட்டாலும் களைத்தவனுக்கு உறக்கம் தானே வந்துவிடும் என்பது அதன் பொருள். இன்றோ பாய் இருக்கிறது, தலையணை இருக்கிறது, தலைக்குமேல் மின்விசிறியும் சுழல்கிறது. இருந்தும் உறங்க முடியாத, உறங்க விடப்படாத ஒரு கூட்டம் நம்மிடையே இருக்கிறது. மேல்நிலைப்பள்ளி மாணவர் என்பதே அக்கூட்டத்தின் பெயர்.

"தூங்குகிறவன் உருப்படமாட்டான்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்திற்காகப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய பாடல், தம்பியைத் தூங்க வேண்டாம் என்று எச்சரித்தது. திருவள்ளுவரும் மடியின்மை என்னும் அதிகாரத்தில், கெடுவோர் விரும்பி ஏறும் கலங்களாகக் காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் வைக்கிறார். அவர்கள் கடிந்தது கடமை இருக்கும்போது கண்ணயர்வதை. இரவுக்குரிய இயற்கையான உறக்கத்தை அவர்கள் பழிக்கவில்லை. நாமோ அந்த அறிவுரையைத் தவறாகப் புரிந்துகொண்டு, உறக்கம் என்னும் கலத்திலிருந்து தப்பிக்க எண்ணி, மறதி என்னும் கலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறோம். எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கற்ற பாடம்

வல்லத்திராக்கோட்டை என் ஊர். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வுக்கு முந்தைய இரவு நான் ஒரு கண்ணும் உறங்கவில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு தேநீர், ஒரு மணிக்கு மற்றொன்று. விடியற்காலை இரண்டு மணிக்கு வான் டி கிராப் மின்னியற்றியின் படத்தை மூன்று முறை வரைந்து பார்த்தேன். மூன்று முறையும் சரியாக வந்தது. காலையில் தேர்வுக் கூடத்தில் அதே வினா வந்தது. கோளத்தை வரைந்தேன்; கப்பிகளை வரைந்தேன். அதன்பிறகு பட்டை எங்கே செல்கிறது, சீப்புகள் எங்கே நிற்கின்றன என்பது நினைவுக்கு வரவில்லை. எட்டு மணி நேரத்துக்கு முன் கைக்குப் பழகியிருந்த படம் கண்முன்னே கலைந்து போயிற்று. எழுதுகோலைப் பிடித்தபடியே இருமுறை கண் சொக்கியதும் நினைவிருக்கிறது.

அப்போது என் மூளையைத்தான் நொந்துகொண்டேன். பின்னர் இக்கல்லூரியில் விலங்கியல் படிக்கத் தொடங்கிய பிறகே, குற்றம் மூளையினுடையது அன்று, அதற்குரிய ஓய்வைப் பறித்துக்கொண்ட என்னுடையது என்று தெரிந்தது.

உறக்கம் எவ்வாறு வருகிறது?

நம்மை உறங்க வைப்பவை இரண்டு. முதலாவது, உறக்கத்தின் அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் கனக்கிறது. உறங்கும்போது அது குறைகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள காபீன், அடினோசின் சென்று அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. ஆகவே களைப்பு தெரியாமல் போகிறதே அன்றித் தீர்ந்து போவதில்லை. உட்கொண்ட காபீனில் பாதியளவு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். இரவு பத்து மணிக்குக் குடித்த தேநீர், மூன்று மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, உடலின் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒரு சுற்று என இது நம் உடலை இயக்குகிறது. உயிரணுக்களுக்குள் இத்தகைய கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இருட்டியதும் மெலடோனின் என்னும் சுரப்பு மிகுந்து உடலுக்கு இரவு வந்துவிட்டதென்று அறிவிப்பதும் இக்கடிகாரத்தின் ஏற்பாடே. கண்ணில் ஒளி பட்டால் அச்சுரப்பு தடைப்படும்.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு சான்று கண்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் வீசி, மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. தொலைக்காட்சி இல்லை, விளக்கில்லை, கைப்பேசியில் உயிரில்லை. துன்பம் மிகுந்த அந்நாட்களில் ஊரே எட்டரை மணிக்கு உறங்கிற்று. சேவல் கூவும் முன்னரே பிள்ளைகள் தாமாக எழுந்தனர். மின்சாரம் வந்த மறுவாரமே பழைய கதை திரும்பிவிட்டது.

பதின்பருவத்தில் இக்கடிகாரம் ஒரு மாற்றம் கொள்கிறது. மெலடோனின் சுரக்கும் நேரம் சிறுவயதைக் காட்டிலும் ஓரிரு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. எட்டாம் வகுப்பில் ஒன்பது மணிக்கே சொக்கிய பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பில் பத்தரைக்கும் உறக்கம் வராமல் இருப்பதும், காலையில் எழுப்பினால் எழ மறுப்பதும் இதனால்தான். இதைச் சோம்பல் என்று பெற்றோர் திட்டுகிறார்கள். உண்மையில் இது வளர்ச்சியின் ஒரு படி. 13 முதல் 18 வயது வரை உள்ளோர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது.

உறங்கும்போது நடக்கும் படிப்பு

உறக்கத்தின்போது மூளை அணைந்த விளக்குப் போல் கிடக்கிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் நேரங்கள் உண்டென்று கண்டனர். கனவுகள் மிகுதியும் அந்நேரத்தில்தான் வருகின்றன. ஆழ்ந்த உறக்கமும் இக்கனவு உறக்கமும் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வருகின்றன. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். பிற்பகுதியில் கனவு உறக்கம் அதிகம். பதினொரு மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழுபவர், பிற்பகுதியை ஏறக்குறைய முழுவதுமாக இழக்கிறார்.

பகலில் கற்றவை முதலில் மூளையின் ஒரு பகுதியில் தற்காலிகமாகத் தங்குகின்றன. உறங்கும்போது அவை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கப்பட்டு நிலையான நினைவாக உறுதிப்படுகின்றன. களத்து மேட்டில் குவித்த நெல்லைத் தூற்றி, மூட்டை கட்டி, குதிரில் சேர்ப்பது போன்றது இவ்வேலை. களத்தில் நெல் குவிந்ததோடு வேளாண்மை முடிந்துவிடாது அல்லவா?

1924இல் அமெரிக்காவில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் உளநூலார் இரு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்துச் சோதித்தனர். படித்தபின் எட்டு மணி நேரம் விழித்திருந்தபோது பத்தில் ஏறத்தாழ ஒன்றே நினைவில் நின்றது. படித்தபின் எட்டு மணி நேரம் உறங்கியபோதோ பத்தில் ஐந்துக்கு மேல் நின்றது. என் மின்னியற்றியின் படம் எங்கே போயிற்று என்பதற்கு இதுவே விடை. நெல்லைக் குவித்தேன், குதிரில் சேர்க்கவில்லை.

கடன் ஏறுவது தெரியாது

"எனக்கு ஐந்து மணி நேரம் போதும், பழகிவிட்டது" என்று சொல்லும் நண்பர்கள் பலர். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து முடிவு வெளியிட்டனர். இரவுதோறும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்கள், இரண்டு வாரங்களில் கவனத்தைச் சோதிக்கும் தேர்வுகளில், இரண்டு இரவுகள் வரை முற்றும் உறங்காதவர்களின் நிலைக்குத் தாழ்ந்தனர். ஆனால் அவர்களுக்கோ தாம் அத்தனை களைத்திருப்பதாகத் தோன்றவில்லை. உறக்கக் கடனின் பெருங்கேடு இதுதான். கடன் ஏறுகிறது; கடன்பட்டவனுக்குத் தெரிவதில்லை.

மற்றொரு கணக்கையும் பார்ப்போம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் செயல்திறனுக்கு ஒப்பாகக் குறைகிறது என்று 1997இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் பொறுக்கும் அளவு 0.03 விழுக்காடுதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த மாணவர் பகலில் கண்ணயராமல் இருந்தால், இரவு ஒன்பதுக்கு அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அதன்பின் அவர் புரட்டும் பக்கங்களில் எத்தனை மனத்தில் பதியும்?

உறக்கத்தை வென்று காட்டுவேன் என்று முயன்ற பள்ளி மாணவர் ஒருவரும் உண்டு. 1963 இறுதியில், கலிபோர்னியாவைச் சேர்ந்த 17 வயது ராண்டி கார்ட்னர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாட்கள் உறங்காதிருந்தார். இறுதியில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது 65 வரை வந்து நிறுத்திவிட்டார். காரணம் கேட்டதற்கு, தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துவிட்டதாகக் கூறினார்.

மதுரைக் குகை சொல்லும் செய்தி

இதுவரை கூறியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் மாணவன் மனவுறுதியோடு நேரத்தில் படுக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அது அவ்வளவு எளிதன்று. ஏனென்பதற்கு விடை நம் அருகிலேயே, மதுரையில் கிடைக்கிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்றவர். சூரியனும் கடிகாரமும் தெரியாத தனி அறையில் மனிதரைத் தங்கவைத்து உறக்கத்தையும் விழிப்பையும் அளக்கும் வசதியை அங்கே அமைத்தவர்கள் அவரும் அவருடன் பணியாற்றியோருமே. ஆயினும் நமக்கு இங்கே வேண்டியது அவர்களது வௌவால் ஆய்வு. 1981இல் மாரிமுத்து முதலியோருடன் சேர்ந்து அவர் அதை வெளியிட்டார்.

அவர்கள் சில வௌவால்களைப் பிடித்து, ஒளி புகாத குகையினுள் கூண்டில் அடைத்தனர். கூண்டு வௌவால்களுக்குப் பொழுது விடிவதும் சாய்வதும் தெரியாது. இருந்தும் அவை நாள்தோறும் சரியாக அந்தி நேரத்திலேயே சிறகடித்துப் பறக்க முனைந்தன. காரணம், அதே குகையில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த மற்ற வௌவால்கள் மாலையில் வெளியேறி, விடியலில் திரும்பின. அந்தப் போக்குவரத்தே அடைபட்டவற்றுக்குக் கடிகாரமாயிற்று. கூட்டமில்லாத குகையில் அடைத்தபோதோ, அவற்றின் பொழுது நாளுக்கு நாள் வெளியுலகப் பொழுதிலிருந்து விலகிச் சென்றது.

வௌவாலுக்குச் சொன்னதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது; நமக்கு ஒளியே முதன்மையான வழிகாட்டி. எனினும், அந்த ஒளியை ஏற்றுவதும் அணைப்பதும் நம்மைச் சூழ்ந்த கூட்டந்தானே? எங்கள் ஊரில் பல வீடுகள் ஒரே அறை கொண்டவை. அங்கே பதினொரு மணி வரை தொலைக்காட்சி ஓடினால் பிள்ளையின் இரவும் பதினொரு மணிக்குத்தான் தொடங்கும். இரவில் மும்முனை மின்சாரம் வரும் நாட்களில் மோட்டார் போட அப்பாவுடன் மகனும் கொல்லைக்குப் போகிறான். பூந்தோட்டம் வைத்திருப்போர் வீட்டில், மல்லிகை மொட்டு விரியும் முன் பறிக்க வேண்டுமென்று பெண்பிள்ளையை இருட்டிலேயே எழுப்புகிறார்கள். மல்லிகை மிகும் பங்குனிதான் பொதுத் தேர்வின் காலமும். கோயில் திருவிழாக்களும் அதையொட்டியே வருகின்றன. புதுக்கோட்டைச் சீமையில் வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் ஒலிபெருக்கி தேர்வெழுதும் பிள்ளையின் கூரைமேல் அல்லவா கட்டப்படுகிறது? இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கும் விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன.

ஆகவே உறக்கம் என்பது மாணவர் ஒருவரின் ஒழுக்கம் மட்டுமன்று. வீடும் பள்ளியும் ஊரும் சேர்ந்து காக்க வேண்டிய பொதுச் சொத்து. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப்பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினர். மாணவரின் உறக்கம் நாளொன்றுக்கு 34 நிமிடங்கள் கூடியதாக 2018இல் வெளியான ஆய்வு கூறியது. பெரியவர்கள் ஒரு மணியை நகர்த்தினார்கள், பிள்ளைகள் உறங்கினார்கள்.

ஒரு நாளின் கணக்கு

நேரமே இல்லையே என்பார்க்கு ஒரு கணக்கு. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் சென்று படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியை எடுத்துக்கொள்வோம். காலைச் சிறப்பு வகுப்பு 8.15க்கு, மாலைச் சிறப்பு வகுப்பு முடிவது 5.45க்கு. பள்ளிக்கு ஒன்பதரை மணி நேரம். நடையும் பேருந்துக்குக் காத்திருத்தலும் பயணமும் போக வர ஒன்றரை மணி நேரம். குளியல், உணவு, வீட்டு வேலை, சிறிது விளையாட்டு இரண்டரை மணி நேரம். உறக்கம் எட்டு மணி நேரம். ஆக இருபத்தொன்றரை. எஞ்சுவது இரண்டரை மணி நேரம்.

இரவு எட்டு முதல் ஒன்பதே முக்கால் வரை படித்துவிட்டு உடனே படுக்கலாம். காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து ஆறரை வரை படிக்கலாம். இரண்டரை மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். தெளிந்த தலையோடு படித்த இரண்டரை மணி நேரம், தூங்கி வழிந்த ஐந்து மணி நேரத்தைவிட மேலானது. இரண்டரை போதாதென்றால் வெட்டுவதற்கு இடம் உறக்கத்தில் இல்லை. சிறப்பு வகுப்பிலும் கைப்பேசியிலும் தேட வேண்டும்.

செய்யத் தக்கவை

1. எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் பெரிதும் மாற்றாதீர். எழும் நேரம் நிலையாக இருந்தால் உறங்கும் நேரமும் தானே அமையும்.

2. எழுந்ததும் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் நில்லுங்கள். கோலம் போடுவதும் நல்ல மருந்தே. காலை ஒளி உட்கடிகாரத்தை முன்னே நகர்த்தும்.

3. மாலை ஐந்துக்குப்பின் தேநீரும் காப்பியும் வேண்டாம்.

4. படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகாதீர். ஒளி ஒரு கேடு. அது காட்டும் செய்திகள் மறு கேடு.

5. கடினமான பாடத்தை மாலையில் படித்து, படுக்குமுன் புத்தகத்தை மூடிவைத்து ஒருமுறை நினைவுகூருங்கள். மிச்சத்தை உறக்கம் பார்த்துக்கொள்ளும்.

6. உண்ட மயக்கம் வாட்டினால் விடுமுறை நாள் நண்பகலில் இருபது நிமிடம் கண்ணயரலாம். மாலையில் நெடுநேரம் உறங்குவது இரவைக் கெடுக்கும்.

7. தேர்வுக்கு முந்தைய இரவு புதுப்பாடம் எதையும் தொடாதீர். அன்று உறங்குவதே கடைசித் திருப்புதல்.

விரிவுரையாளப் பெருமக்களுக்கும், நாளை ஆசிரியராகப் போகும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் உறங்கும் மாணவரை எழுப்பி நிறுத்துமுன், "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்? எதற்காக விழித்திருந்தாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். விடையில் பல வேளை ஒரு மோட்டாரோ பூந்தோட்டமோ இருக்கக்கூடும்.

முடிவுரை

என் தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு. சென்ற மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு அவள் புத்தகத்தின்மேல் தலை சாய்த்திருந்தாள். விளக்கை அணைக்கப் போனேன். அம்மா தடுத்தார். "நீ ராத்திரி முழுக்கப் படிச்சுத்தானே காலேசுக்குப் போன? அவளை மட்டும் தூங்கச் சொல்றியே!" என்றார். "ராத்திரி முழுக்கப் படிச்சதாலதான்மா எனக்கு மார்க் குறைஞ்சுச்சு" என்றேன். அம்மா நம்பவில்லை. மூலையில் படுத்திருந்த அப்பத்தா எழுந்து உட்கார்ந்து, "ஏர் பூட்டுன மாட்டைக்கூடப் பொழுது சாஞ்சா அவுத்து விடுறோம். புள்ளைய மட்டும் ஏன் அவுக்காம வச்சிருக்கீக?" என்றார்.

நான் நோபல் பரிசையும் வௌவாலையும் எடுத்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வேலை நடந்திருக்காது. இப்போது எங்கள் வீட்டில் ஒன்பதரைக்குத் தொலைக்காட்சி நிற்கிறது. அப்பாவின் கைப்பேசி உட்பட எல்லாக் கைப்பேசிகளும் அடுக்களை அலமாரிக்குப் போய்விடுகின்றன. ஒன்பதே முக்காலுக்கு ஒரே நேரத்தில் எல்லோரும் படுக்கிறோம். தேர்வு இனிமேல்தான், மதிப்பெண்ணைப் பற்றி இப்போதே சொல்வதற்கில்லை. ஆனால் காலைப் பேருந்தில் கம்பியில் தலை மோத உறங்கிக்கொண்டு போனவள், இப்போது சன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறாள்.

நண்பர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும், தெருவிலும் ஒரு தம்பியோ தங்கையோ பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வினாத்தாள் திரட்டித் தருகிறோம். குறிப்பேடு எழுதித் தருகிறோம். அவற்றோடு, இன்றிரவு ஒரு விளக்கையும் அணைத்துத் தருவோம்.

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி